சபாபதியின் இருநூற்றைம்பது பேர்

சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத்தான் பெர்னிஸ் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள்.

ஏழு நாற்பதுக்கே ஒரு படம் வந்து காத்திருந்தது. அனுப்பியவர் கிள்ளானை அடுத்த மேருவில் கேட்டரிங் நடத்தும் ஹாஜிராக்கா. வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட சமையலிடம். பெரிய தட்டு நிறையப் பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம். தட்டின் ஓரத்தில், வெற்றி என்பதுபோல நிமிர்ந்து நிற்கும் ஹாஜிராக்காவின் கட்டை விரல். கீழே ஒரு குரல் பதிவு.

"பெர்னிஸ்! வந்துருச்சு மா! உன் வெப்சைட்டுல ஆர்டர் வந்துருச்சு! மொத ஆர்டரே இருநூத்தி அம்பது பேக்ஸ், அத்தனை பேருக்குச் சாப்பாடு! வியாழக்கெழமையே வந்துச்சு, அடுப்பு மூட்டிட்டுத்தான் உனக்குச் சொல்லணும்னு இருந்தேன். காலையில நாலு மணிக்கே மூட்டிட்டேன். மஸ்ஜித் இந்தியா தெருவுல துணிக்கடை வச்சிருக்காரே எங்க அண்ணன், அவருக்கு அந்த ஆர்டரை அப்படியே படம் புடிச்சு அனுப்பிட்டேன். வெப்சைட்டாம் கம்பெனியாம்னு சிரிச்சாருல்ல, இப்ப சிரிக்கட்டும். சபாபதின்னு ஒருத்தரு மா. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்!"

பெர்னிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். "ஹென்றி, இங்க வாங்களேன், இதைக் கேளுங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். அவள் கணவன் துண்டால் தலையைத் துவட்டியபடி வந்து நின்றான். அவள் மறுபடியும் பதிவை ஓடவிட்டாள். இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றது.

சபாபதி.

அந்த ஆளை அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, இதே மேசையில் உட்கார்ந்து, அந்தச் சபாபதியைப் படைத்தவளே அவள்தான்.

"என்ன, முகம் இப்படிப் போச்சு?" என்றான் ஹென்றி.

"சபாபதின்னு ஒருத்தர் கெடையாது, ஹென்றி."

"கெடையாதுன்னா?"

"நான் சும்மா போட்ட பேரு. சோதனைக்கு."

ஹென்றி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்போ அந்த வெங்காயம்?"

"அது நெஜம்."

*

வெப்சைட் செய்கிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்லித்தான் வேலையை முடிக்கிறார்கள். ஆர்டர் படிவம் ஒன்றைச் செய்தால் அதை நிரப்பிப் பார்த்தாக வேண்டும். இல்லாத ஆளுக்கு ஒரு பெயர், அடிக்காத ஒரு போன் நம்பர், நடக்காத ஒரு விருந்து. பெர்னிஸ் முன்பெல்லாம் விரலுக்கு வந்த எழுத்துகளைத் தட்டி நிரப்புவாள். ஹாஜிராக்காதான் அந்தப் பழக்கத்தை மாற்றினார். "என்னமா இது, பேருங்கற எடத்துல பூனை நடந்த மாதிரி இருக்கு? யாராச்சும் பார்த்தா என்ன நெனைப்பாங்க? ஒரு நல்ல பேரா போடு."

அன்றிலிருந்து நல்ல பெயராகவே போட்டாள்.

வியாழக்கிழமை அவள் சோதித்தது இரண்டு விதிகளை. இரண்டு நாளாவது முன்னால் சொன்னால்தான் படிவம் ஆர்டரை ஏற்க வேண்டும், ஆகவே சனிக்கிழமை. இருநூற்றைம்பது பேருக்கு மேலென்றால் 'நேரில் பேசவும்' என்று சொல்ல வேண்டும். ஆகவே சரியாக இருநூற்றைம்பது. விளிம்பில் வைத்துத் தட்டிப் பார்ப்பது இந்தத் தொழிலின் பழக்கம். உணவு, கோழி பிரியாணி. பட்டியலில் முதலாவதாக இருந்தது அதுதான். இடம், கிள்ளான் பொதுமண்டபம். முன்பணம் கட்டும் பகுதியை அந்த வாரம்தான் சேர்த்திருந்தாள். அது இன்னும் சோதனை நிலையில் இருந்தது. யார் காசும் எங்கேயும் போகாது. ஆனால் 'முன்பணம் கிடைத்தது' என்று பச்சை எழுத்து மட்டும் வரும். வந்தது. பெர்னிஸ் மடிக்கணினியை மூடிவிட்டு, மெதடிஸ்ட் தேவாலயத்தில் பாடகர் குழு ஒத்திகைக்கு ஓடினாள்.

மறந்தது ஒன்றே ஒன்று. ஆறு வாரமாக அந்தப் படிவம் அவளுடைய மின்னஞ்சலுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. புதன்கிழமை, ஹாஜிராக்காவின் நச்சரிப்பு தாங்காமல், நேராக அவர் கைப்பேசிக்கே போகும்படி மாற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.

"போன் போடு. அடுப்பை அணைக்கச் சொல்லு" என்றான் ஹென்றி.

போன் நீளமாக அடித்தது. எடுத்தவர் ஹாஜிராக்காவின் கணவர் இம்ரான்.

"அக்கா இல்லையா அண்ணே?"

"இருக்கு மா. கை முழுக்க நெய்யி. தம் போடற நேரத்துல எங்கிட்டகூட பேசாது. என்னா விஷயம்?"

"அரிசி... அரிசி போட்டாச்சா அண்ணே?"

"போட்டு அரை மணி ஆச்சு. ரெண்டு தேக்சா, முப்பது கிலோ. நீங்க வாங்களேன்! மொத ஆர்டரு, உங்க கையால ஒரு பொட்டலம் கட்டணும். ஆங், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கிள்ளான் பொதுமண்டபம்னு போட்டிருக்கு. மேப்புல தேடினா மூணு மண்டபம் காட்டுது. லோரியை எங்க கொண்டு போய் நிறுத்தறது? சபாபதி சாருக்கு ஒரு போன் போடலாம்னா ஹாஜிரா விட மாட்டேங்குது. வெப்சைட்டுல வர்றவங்க போன்ல பேசப் புடிக்காமத்தான் அங்க வராங்க, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாமே?"

சொன்னாள்தான். ஒரு மணி நேரம் பாடம் மாதிரி எடுத்துச் சொன்னாள்.

"நான் வரேன் அண்ணே. நேர்ல பேசிக்கலாம்."

போனை வைத்தபோது ஹென்றி ஏற்கெனவே சட்டையை மாட்டிக் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஏன் சொல்லல?"

"மொத ஆர்டருன்னு அந்த அண்ணன் சொல்ற அழகைக் கேட்டீங்களா? போன்ல எப்படிச் சொல்றது?"

*

பிரிக்ஃபீல்ட்ஸை விட்டுப் பெடரல் ஹைவேயில் ஏறும்போது தூறல். ஷா ஆலாம் வருவதற்குள் அடைமழை. அவர்களுடைய சின்ன மைவி காரின் துடைப்பான் ஒரு பக்கம் மட்டும் ஒழுங்காகத் துடைத்தது. அது ஹென்றியின் பக்கம். பெர்னிஸுக்கு உலகம் முழுக்கக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு மாதத்துக்கு முன் அவள் அலுவலக வேலையை விட்டவள். ஹென்றி ரயில் பணிமனையில் மெக்கானிக். அவள் அப்பாவும் ரயில்வே, அவன் அப்பாவும் ரயில்வே. மாதம் முடிந்தால் சம்பளம் வரும் என்பதைத் தவிர வேறு வாழ்க்கை அந்த இரண்டு குடும்பங்களுக்கும் தெரியாது. "ஒரு வருஷம்" என்று அவனிடம் கேட்டு வாங்கியிருந்தாள். இந்த ஏழு மாதத்தில் ஒன்பது வெப்சைட். டியூஷன் சென்டர், தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கம், இரத்த தானக் குழு என்று எல்லாம் சின்னச் சின்னது. பெரியதாக ஒன்று வரும் செவ்வாய்க்கிழமை காத்திருந்தது. கிள்ளானில் சிறுதொழில் செய்யும் பெண்கள் சங்கம். முறுக்கு, தையல், மருதாணி, மணவறை அலங்காரம் என்று நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பக்கம். அது கிடைத்துவிட்டால் அவள் மறுபடி அலுவலகம் போக வேண்டியதில்லை.

சங்கத்தின் தலைவி ஹாஜிராக்கா.

"ஒரு வழி இருக்கு. சொல்லவா?" என்றான் ஹென்றி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லுங்க."

"சபாபதி கேன்சல் பண்ணிட்டான்னு சொல்லிரு. ஆளு மோசம். போன் எடுக்கல. உலகத்துல அந்த மாதிரி ஆளே இல்லையா? அக்கா ரெண்டு நாளு திட்டும். திட்டு வாங்கப் போறது அவன். அவன் எங்க வந்து சண்டை போடப் போறான்?"

பெர்னிஸ் சிரிக்கவில்லை. நல்ல யோசனையாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"உண்மையைச் சொன்னா செவ்வாய்க்கிழமை போச்சு" என்றாள்.

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா, வெப்சைட்டுல வர்ற ஆளுங்க எல்லாம் ஏமாத்துக்காரங்கன்னு அக்கா முடிவு பண்ணிருவாங்க. மத்த நாப்பத்தி ரெண்டு பேருகிட்டயும் அதையே சொல்லுவாங்க. அப்பவும் போச்சு."

"ரெண்டு பக்கமும் போச்சா? அப்போ உண்மையைச் சொல்லிட்டே போகட்டும் லா. ஞாபகம் வச்சுக்கறது சுலபம்."

பெர்னிஸ் மடிக்கணினியை மடியில் திறந்தாள். இருநூற்றைம்பது பேர் சாப்பாடு. அதற்கு இருநூற்றைம்பது வாய் வேண்டும். சங்கங்களுக்கு வெப்சைட் செய்வதில் ஒரு வசதி உண்டு. எந்தச் சங்கம் எந்த நாளில் எங்கே கூடுகிறது என்று ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். எல்லா அறிவிப்பும் அவள் கையைத் தாண்டித்தான் போகும். இன்றைய தேதியில் கிள்ளான் பக்கம் இரண்டு நிகழ்ச்சிகள்.

முதலில் உர்சுலா ஆன்டி. கத்தோலிக்கத் தேவாலய மண்டபத்தில் இரத்த தான முகாம்.

"ஆன்டி, இன்னிக்குத்தானே முகாம்?"

"நீதானே மா நோட்டீஸ் போட்டே? என்னைக் கேக்கறே?"

"எத்தனை பேரு ஆன்டி?"

"நூறு பேரு. மழையில எத்தனை வருமோ."

"ரத்தம் குடுத்தவங்களுக்குச் சாப்பிட என்ன?"

"பிஸ்கட்டு. ஆளுக்கொரு சோயா பால்."

"கோழி பிரியாணி அனுப்பவா? நூறு பொட்டலம். காசெல்லாம் வேணாம்."

"பெர்னிஸ், உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு சரியாத்தான் இருக்கு ஆன்டி. அனுப்பவா வேணாமா?"

"அனுப்பு மா, அனுப்பு! பிரியாணின்னு சொன்னா ஊசியைக் கண்டு ஓடற எங்க வீட்டுக்காரரே வந்து கையை நீட்டுவாரு."

நூறு போனது. அடுத்து ராதாகிருஷ்ணன், காப்பார் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர். இன்று பெற்றோர் எல்லாம் சேர்ந்து பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்து சாயம் பூசும் கோத்தோங் ரோயோங் கூட்டுவேலை.

"நடக்குதா சார்?"

"நடக்குது மா! மழையைப் பார்க்காம நூத்தி அம்பது பேரு வந்துட்டாங்க. வாங்கின பெயிண்ட்டு பத்தல, அவ்வளவு கூட்டம்."

"மத்தியானத்துக்கு?"

"ரொட்டியும் தேத்தண்ணியும்தான்."

"சார், நான் சாப்பாடு அனுப்பறேன். நூத்தி அம்பது பொட்டலம். நல்ல கோழி பிரியாணி."

"ஐயய்யோ! என்னமா பேசறே? இன்னிக்கு என்ன கெழமை?"

"சனி."

"என்ன மாசம்?"

"அக்டோபர்."

"புரட்டாசி மா! புரட்டாசி மூணாவது சனி! கோழியோட கேட்டுக்குள்ள நொழைஞ்சா என்னையும் சேர்த்து சுவத்துல வச்சுப் பெயிண்ட் அடிச்சிருவாங்க. நீ சர்ச்சுக்காரப் பொண்ணு, உனக்கெங்க ஞாபகம் இருக்கப் போவுது. பரவால்ல, மனசு வச்சியே, அது போதும்."

பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவளுக்குப் புரட்டாசி தெரியாமல் இல்லை. இந்த மாதத்தில் அவள் வீட்டுக்குக் கீழே உள்ள கடைகளில் பாதி, சைவச் சாப்பாட்டுக்குத் தனிப் பலகை மாட்டிவிடும். படிவத்தில் தேதி போடும்போது அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"நூத்தி அம்பது கோழி பாக்கி" என்றான் ஹென்றி.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல லா. புரட்டாசி சனிக்கெழமையில சபாபதி எதுக்குக் கோழி கேட்டான்னு யோசிக்கறேன். வீட்டுல ஏதோ சண்டை."

*

மேருவில் தொழிற்சாலைகளின் நீளச் சுவர்களைத் தாண்டி, மூலை வீடு ஹாஜிராக்காவுடையது. பதினைந்து வருடம் அந்தத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவர். தொழிற்சாலைகள் தங்களுக்கென்று கேண்டீன் வைத்துக்கொண்ட பிறகு கேட்டரிங்குக்கு மாறினார். கல்யாணத்துக்கும் பிறந்த நாளுக்கும் கேள்விப்பட்டு வருகிறவர்கள் வந்தார்கள். கேள்விப்படாதவர்களும் வர வேண்டும் என்றுதான் வெப்சைட்.

காரை விட்டு இறங்கும்போதே நெய்யும் ஏலக்காயும் ரம்பை இலையும் சேர்ந்த மணம் மழையைத் துளைத்துக்கொண்டு வந்தது. தகரக் கூரைமேல் மழை பேரிரைச்சலாக விழுந்தது. அதன்கீழ் இரண்டு பெரிய தேக்சாக்கள், மூடிமேல் கனன்ற கரியோடு தம்மில் உட்கார்ந்திருந்தன. வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் பொட்டலத்துக்குப் பழுப்புத் தாளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இம்ரான் லோரியின் பின்கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவில், முக்காட்டின் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, படகுத் துடுப்பு மாதிரி நீளக் கரண்டியோடு ஹாஜிராக்கா.

"வா மா, வா! ஹென்றி தம்பியும் வந்திருக்கு! மழையில நனையாம உள்ள வாங்க. பார்த்தியா, உன் ஆர்டரைப் பார்த்தியா?"

பெர்னிஸ் அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். சூடு முகத்தில் அடித்தது. இன்னும் ஒரு நிமிடம் தள்ளிப் போட்டால் வாய் வராது என்று தெரிந்தது.

"அக்கா, சபாபதின்னு யாரும் இல்ல."

"இல்லன்னா? வரலையா?"

"ஆளே இல்ல அக்கா. அது நான். வெப்சைட்டு வேலை செய்யுதான்னு பார்க்க நானே நிரப்பினேன். என் மெயிலுக்கு வரும்னு நெனைச்சேன். உங்க போனுக்கு மாத்தினதை மறந்துட்டேன்."

காகிதம் பிரித்த பெண்களின் கை நின்றது. இம்ரான் துடைத்த துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"காசு கட்டியிருந்துச்சே? பச்சையா வந்துச்சே?"

"அதுவும் சோதனைதான். நெஜக் காசு இல்ல. அக்கா, ஆன செலவு முழுக்க நான்..."

"அந்தப் பேச்சை எடுக்காதே!" ஹாஜிராக்காவின் குரல் மழையை வெட்டியது. பிறகு கரண்டியைத் தேக்சாவின் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ..." என்று ஆரம்பித்தார். குரல் இறங்கியிருந்தது. "அப்போ யாருமே வரலையா? ஆறு வாரமா?"

சபாபதி இல்லை என்று சொல்வதைவிட இதற்குப் பதில் சொல்வது பெர்னிஸுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இன்னும் யாரும் வரலை அக்கா."

"எங்க அண்ணனுக்கு அனுப்பிட்டேனே மா. இந்தத் தெரு முழுக்கச் சொல்லிட்டேன். பக்கத்து வீட்டு சீன ஆன்டி காலையில வந்து கைகுடுத்துட்டுப் போச்சு."

இம்ரான் துணியை லோரியில் போட்டுவிட்டு வந்தார். "சரி, இந்தச் சாப்பாட்டை என்னா பண்றது?"

"நூறு பொட்டலத்துக்கு எடம் பேசிட்டேன் அண்ணே" என்றாள் பெர்னிஸ் அவசரமாக. "சர்ச் மண்டபத்துல ரத்த தானம் நடக்குது. காப்பார் பள்ளிக்கூடத்துல நூத்தி அம்பது பேரு வேலை செய்யறாங்க, அங்கேயும் கேட்டேன். ஆனா புரட்டாசி. கோழின்னா வேணாம்னுட்டாங்க."

ஹாஜிராக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கோழி?"

"ஆர்டர்ல கோழின்னுதானே அக்கா..."

ஹாஜிராக்கா எழுந்தார். துணியால் பிடித்து, கனன்ற கரியோடு மூடியை அலாக்காகத் தூக்கிக் கீழே வைத்தார். ஆவி எழும்பிக் கூரையில் முட்டியது. அது விலகியதும் பெர்னிஸ் எட்டிப் பார்த்தாள். நீள நீளமான அரிசிக்கு நடுவே கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, முந்திரி. கோழியின் சிறகுகூட இல்லை.

"பேரு சபாபதி. புரட்டாசி மூணாவது சனி. கோழிக்கு டிக் போட்டிருந்தாரு" என்றார் ஹாஜிராக்கா. "இத்தனை வருஷமா ஆக்கறேன், எனக்குத் தெரியாதா? பாவம் மனுஷன், கண்ணாடி போடாம எதையோ தட்டிட்டாருன்னு நெனைச்சேன். கோழியை அனுப்பினா அவரு பொண்டாட்டி மண்டபத்துலயே வச்சு அவரை உண்டு இல்லைன்னு ஆக்கிரும். போன் பண்ணிக் கேக்கலாம்னா நீ பண்ணக்கூடாதுன்னே. அதான் நானே சைவத்துக்கு மாத்திட்டேன். தால்சாவுலகூட எலும்பு போடல. கத்திரிக்காயும் மாங்காயும்தான்."

இல்லாத ஒரு மனிதனை இல்லாத ஒரு மனைவியிடமிருந்து காப்பாற்ற, இந்த அம்மாள் காலை நாலு மணிக்கு எழுந்து முப்பது கிலோ அரிசிக்குக் காய் நறுக்கியிருக்கிறார். பெர்னிஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், அது அழுகையாகத் திரும்பியது. இரண்டும் சேர்ந்து வந்தபோது ஹென்றி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா இது, சிரிக்குதா அழுவுதா?" என்றார் ஹாஜிராக்கா.

"ரெண்டும்தான் அக்கா. மொதல்ல அந்தப் பள்ளிக்கூடத்து சாருக்குப் போன் போடச் சொல்லுங்க" என்றான் ஹென்றி.

ராதாகிருஷ்ணன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "சார், சைவம்தான் சார்! சுத்த சைவம்!" என்றாள் பெர்னிஸ் மூக்கை உறிஞ்சியபடி.

"அதுக்குள்ள கோழி எங்க போச்சு? யாரு மா சமையல்?"

"மேரு ஹாஜிராக்கா."

"அவங்களா? அவங்க கை பிரியாணி நான் சாப்பிட்டிருக்கேன் மா, ஆனா... இன்னிக்கு... பாத்திரம் எல்லாம்..."

ஹாஜிராக்கா போனைப் பிடுங்கினார். "சார், சைவத்துக்குப் பாத்திரம் வேற, கரண்டி வேற, அடுப்பு வேற. கை மட்டும்தான் ஒண்ணு. அதையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். அனுப்பவா, வேணாமா? சாப்பாடு ஆறுது."

"அனுப்புங்க அக்கா, அனுப்புங்க!" என்ற குரல் எல்லோருக்கும் கேட்டது.

*

பிறகு பேச நேரமில்லை. தாளை விரி, மேலே வாழையிலைத் துண்டு வை, சோற்றை ஒரே அள்ளாக அள்ளிப் போடு, பக்கத்தில் அன்னாசிப் பச்சடி, மடி, திருப்பு, ரப்பர் வளையம் மாட்டு. தால்சா தனியாகச் சின்னப் பிளாஸ்டிக் பையில். பெர்னிஸ் கட்டிய முதல் பொட்டலம் கையிலேயே பிரிந்தது.

"என்ன கட்டு இது? பொறந்த புள்ளைக்கு துணி சுத்தற மாதிரி! இங்க பாரு, மூலையை உள்ள மடக்கு. ஹென்றி தம்பி கட்டறதைப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு."

"ரயிலுக்கு நட்டு முடுக்கற கை அக்கா" என்றான் ஹென்றி.

"அப்போ நீயே கட்டு. அவ எண்ணட்டும். எண்ணவாவது தெரியுமான்னு பார்ப்போம்."

திட்டு விழுந்ததும்தான் பெர்னிஸுக்கு மூச்சு சீரானது. ஆனால் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஹாஜிராக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

நூறு பொட்டலத்தை மைவியின் பின்சீட்டிலும் டிக்கியிலும் அடைத்துக்கொண்டு ஹென்றி தேவாலயத்துக்குப் போனான். கோழி சைவமாகிவிட்டதை உர்சுலா ஆன்டியிடம் சொல்லும் பொறுப்பும் அவனுக்குத்தான். நூற்றைம்பதை இம்ரான் லோரியில் ஏற்றினார். லோரியின் முன்பக்கத்தில் இம்ரானுக்கும் ஹாஜிராக்காவுக்கும் நடுவில், மடியில் தால்சா வாளியோடு பெர்னிஸ் ஒடுங்கி உட்கார்ந்தாள். காப்பார் சாலையில் மழை விட்டிருந்தது. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பள்ளிக்கூட வாசலில் லோரி நின்றது.

பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் தலையிலும் முழங்கையிலும் மஞ்சள் சாயம் ஒட்டியிருந்த அப்பாக்களும் அம்மாக்களும் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள். முதல் ஐந்து நிமிடம் தாள் பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகு ஒரு குரல், "இன்னும் கொஞ்சம் தால்சா இருக்கா அக்கா?" அதன் பின்னால் ஐந்தாறு குரல்கள். ராதாகிருஷ்ணன் தன் பொட்டலத்தைப் பாதி சாப்பிட்டபின் நிமிர்ந்து, "அக்கா, கோழி இல்லாமலேயே இப்படியா?" என்றார். ஹாஜிராக்கா வாளியோடு வரிசை வரிசையாக நடந்தார். காலையில் உட்கார்ந்த முக்காலியை மறந்தே போய்விட்டவர்போல இருந்தது அந்த நடை.

சுவருக்குச் சாயம் பூசிய கையை இன்னும் கழுவாத ஒரு பெண் அவரை நிறுத்தினாள். வாணி என்று பெயர் சொன்னாள்.

"அக்கா, கார்டு இருக்கா? நவம்பர்ல எங்க மகளுக்குச் சடங்கு வச்சிருக்கோம். முந்நூறு பேரு."

"கார்டு இல்ல மா. வெப்சைட்டு இருக்கு" என்றார் ஹாஜிராக்கா. சொல்லிவிட்டுப் பெர்னிஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஆனா நான் போன்லயும் பேசுவேன். பேசாம ஆக்க மாட்டேன். நம்பர் எழுதிக்க. என்னா கெழமை சடங்கு? அன்னிக்குக் கறி சாப்பிடுவீங்களா, மாட்டீங்களா?"

இரண்டு மணிக்கு வாளிகள் காலி. வெறும் வாளிகளை லோரியில் அடுக்கியபின் ஹாஜிராக்கா பின்பலகையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு ஒரு படம் போனது: பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச் சாலை, நூற்றைம்பது பேர், நூற்றைம்பது பழுப்புத் தாள்.

"உங்க அண்ணன்கிட்ட என்ன அக்கா சொல்லப் போறீங்க?" என்றாள் பெர்னிஸ்.

"சபாபதி ரொம்பப் பெரிய மனுஷன்னு சொல்லியிருக்கேன். பள்ளிக்கூடத்துக்கும் சர்ச்சுக்கும் சாப்பாடு போட்டாருன்னு." போனை இடுப்பில் செருகினார். "செவ்வாய்க்கெழமை பதினோரு மணிக்குக் கூட்டம். லேட்டா வராதே."

"நான் வரணுமா அக்கா?"

"நீ வராம? வேற யாரு வந்து பேசுவா?"

"இன்னிக்கு நடந்ததைச் சொல்லாம எப்படி அக்கா பேசறது?"

"நீ எதுக்குச் சொல்லணும்? நான் சொல்லுவேன். ஒண்ணு விடாம சொல்லுவேன்." ஹாஜிராக்கா பலகையிலிருந்து குதித்து இறங்கினார். "இந்தப் பொண்ணு பிரிக்ஃபீல்ட்ஸ்ல உக்கார்ந்து சும்மா ஒரு பட்டனை அமுக்கிச்சு, மேருவுல என் அடுப்பு எரிஞ்சுது, இருநூத்தி அம்பது பேரு வயிறு ரொம்பிச்சுன்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் வெப்சைட்டு வேலை செய்யுமா செய்யாதான்னு எவ கேப்பா? கேக்கட்டும் பார்க்கலாம்!"

பெர்னிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், லோரிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த இம்ரான் இடுப்பில் கையை வைத்து மெதுவாக நிமிர்ந்தார்.

"எல்லாம் சரி மா" என்றார். "அடுத்த தடவை சோதனை பண்ணா பத்துப் பேருக்குப் போடுங்க லா. எனக்கு முதுகு போச்சு."